மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி

எனக்குக் கல்யாணமாகி நான் சிலமலைக்கு வந்தபோது அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் அண்ணன் மனைவியும் மட்டும்தான் இருந்தார்கள். மாமனாரும் மாமியாரும் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பிதான் என் கணவர். அண்ணன் மனைவி எனக்கு ஓரகத்தி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். எழுபதுகளின் தொடக்கம் அது.

குடும்பத்துக்கு இரண்டு இடத்தில் நிலம் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு கிணறு, கிணற்றுப் பாய்ச்சலில் கொஞ்சம் தோட்டம், அதை ஒட்டி வானம் பார்த்த காடு. அங்கே கடலை, சோளம், சில வருடம் பருத்தி. இரண்டு மாடுகள். அது கீழே. மேலே, போடிமெட்டைத் தாண்டி மலைச் சரிவில், ஒரு சின்ன ஏலக்காய்த் தோட்டம். பெரிய எஸ்டேட்டுக்காரர்கள் அதைத் தோட்டம் என்றே சொல்லமாட்டார்கள். நாலு பக்கமும் அவர்களுடைய காடு, நடுவில் எங்களுடைய துண்டு. தகரம் போட்ட ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு ஓடை.

மழைக்காலம் வந்தால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை வந்துவிடும். கீழே விதைப்பும் களையெடுப்பும், மேலே காய் எடுப்பு. ஏலக்காய் ஒரே தடவையில் பழுத்துத் தொலைக்காது. செடியின் தூரில் தரையோடு ஓடும் சரங்களில் முற்றின காயை மட்டும் பறித்து, பிஞ்சை விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி வரவேண்டும். ஆடி ஆவணியில் தொடங்கினால் தை மாசி வரைக்கும் இப்படிச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். வேலைக்கு வரும் பெண்களுக்குச் சமைத்துப் போட்டு, அவர்களோடு நின்று தானும் பறிக்க வீட்டுப் பெண் ஒருத்தி மேலே இருந்தே ஆகவேண்டும்.

நான் வருவதற்கு முன்பு அக்காதான் போய்க்கொண்டிருந்தார். ஆனால் அவருக்கு இளைப்பு உண்டு. பனியும் சாரலும் பட்டால் நெஞ்சு விசில் அடிக்கும். குந்தி உட்கார்ந்து ஒரு தூரை முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். போடியில் பார்த்த டாக்டர் இனிமேல் மலைக்குப் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. ஆண்டிபட்டிப் பக்கத்துப் பொட்டல் காட்டில் வளர்ந்தவள் நான். மலையை முதல்முறை பார்த்தபோது, இவ்வளவு பச்சையை வைத்துக்கொண்டு இவர்கள் ஏன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அட்டை கடித்து, ஈரச் சேலையோடு பகல் முழுக்க உட்கார்ந்து, விரல் நகமெல்லாம் கறுத்த பிறகு எனக்கும் அந்த முகம் வந்தது.

என் கணவரின் அண்ணனை மூத்தவர் என்றுதான் சொல்வேன். அவருக்கும் அக்காவுக்கும் குழந்தை இல்லை. கோயில் குளமெல்லாம் போய்ப் பார்த்து ஓய்ந்திருந்த நேரத்தில் நான் வந்து இரண்டாம் வருடமே ஒரு பெண்ணைப் பெற்றேன். என்னைவிட அக்காதான் அதிகம் கொண்டாடினார். அந்த வருடம் நான் மலைக்குப் போகவில்லை. என் கணவர் மட்டும் கூலியாட்களை வைத்துச் சமாளித்தார். பாதிக் காய் பழுத்து உதிர்ந்து எலியும் அணிலும் தின்றன. மறு வருடம் ஆவணியில், பிள்ளைக்கு ஒரு வயது முடிந்ததும், என் கணவர் என்னைப் பார்த்தார். நானும் துணிமணியை எடுத்து மூட்டை கட்டினேன்.

பிள்ளையைக் கூடவே கொண்டுபோகலாம் என்று முதலில் நினைத்தேன். அந்தக் குடிசையில் தரை எப்போதும் சொதசொதவென்று இருக்கும். பறிக்கும்போது பிள்ளையை எங்கே போடுவது? அட்டை, பாம்பு, பனி. அக்கா சொன்னார்:

"இங்க விட்டுட்டுப் போ தாயி. எனக்கென்ன, மாட்டுக்கும் எனக்கும் பொழுது போகாமத்தான கெடக்கு. நீ மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துக்க."

ஜீப்பு அடிவாரத்து முந்தல் தாண்டி மலையேறத் தொடங்கியதும் மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. ஆண்களும் பெண்களுமாக ஆடு மாதிரி அடைத்து ஏற்றியிருந்தார்கள். கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் பக்கத்திலிருந்தவள் மேல் சாய்ந்துகொண்டே போனேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கைப்பிள்ளக்காரியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு தன் துண்டை எடுத்து என் மடியில் போட்டாள்.

அப்படித்தான் மூன்று வருடங்கள் போயின. ஏலக்காய் காய்க்கிற மாதங்களில் பிள்ளை அக்காவிடம். மாசியில் கடைசிச் சுற்று எடுத்து முடித்துக் கீழே இறங்கினால், பங்குனி, சித்திரை, வைகாசி என்னிடம். இறங்கி வந்த புதிதில் என்னைக் கண்டு மிரளும். போகப் போக ஒட்டும். நன்றாக ஒட்டி, இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிற நேரத்தில் தென்மேற்கிலிருந்து காற்று வீச ஆரம்பிக்கும். மலை உச்சியில் மேகம் உட்காரும். சிலமலையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மழை என்று அதைப் பார்த்தால் தெரியும். அந்த மேகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

பேச ஆரம்பித்தபோது அவள் அக்காவை ஆத்தா என்றாள். என்னை மலையம்மா என்றாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளாகவே வைத்த பெயர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் வருடம் ஐப்பசியில் விடாத மழை. மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப்பு, பஸ்சு எதுவும் ஓடவில்லை. தீபாவளிக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரு கூலிக்காரர் கீழேயிருந்து நடந்தே ஏறி வந்தவர், குடிசை வாசலில் நின்று சாக்கைத் தலையிலிருந்து எடுத்து உதறிக்கொண்டே சொன்னார்:

"ஒங்க பிள்ளைக்கு அம்ம போட்டிருக்காம். பெரியவரு சொல்லிவிட்டாரு. பயப்படும்படியா இல்லன்னு சொல்லச் சொன்னாரு."

பயப்படும்படியா இல்லை என்று சொல்லி அனுப்பினால் பயப்படும்படியாக இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. அன்றைக்குத்தான் பறித்த காயைப் பக்கத்து எஸ்டேட்டின் ஸ்டோரில் போட்டிருந்தோம். விறகு எரித்து அந்தச் சூட்டில் காயை உலர்த்தும் அறைக்கு ஸ்டோர் என்று பேர். எங்களுக்குச் சொந்தமாகக் கிடையாது. அவர்கள் இடம் கொடுக்கும்போது போட்டால்தான் உண்டு. பக்கத்திலேயே இருந்து பார்க்காவிட்டால் காய் கருகிவிடும், அல்லது நிறம் போய்விடும். என் கணவரால் நகர முடியாது.

"ரோடு சரியாகட்டும். ரெண்டு நாள்ல நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"நீங்க காயப் பாருங்க. நான் போறேன்."

"தனியாவா?"

"தீவாளிக்கு இறங்குற பொம்பளைங்க இருக்காங்க. அவங்களோட போறேன்."

போடிமெட்டிலிருந்து முந்தலுக்கு இறங்கும் பழைய நடைபாதை ஒன்று உண்டு. காடு வழியாகச் செங்குத்தாக இறங்கும். அன்றைக்கு அது பாதையாக இல்லை, ஓடையாக இருந்தது. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சில இடங்களில் உட்கார்ந்தபடி சறுக்கி இறங்கினோம். மற்றவர்கள் தீபாவளிச் சேலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் மூன்று வருடமாகப் பிள்ளைக்கு உடம்புக்கு வந்த ஒரு தடவைகூட நான் பக்கத்தில் இல்லை என்பதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். முதல் வார்த்தை பேசியபோது இல்லை. முதல் அடி வைத்தபோதும் இல்லை. எல்லாவற்றையும் யாரோ சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

வீடு போய்ச் சேர்ந்தபோது வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. கால் கழுவி, ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு உள்ளே போனேன். அக்காவின் மடியில் பிள்ளை படுத்திருந்தாள். முகமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. அக்கா வேப்பங்கொழுந்தால் அவள் முதுகை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். தூங்கி எத்தனை நாளாயிற்றோ, கண்கள் குழி விழுந்திருந்தன.

"வந்துட்டியா தாயி? எறங்கிருச்சு. இன்னைக்குக் கஞ்சி குடிச்சா" என்றவர், பிள்ளையிடம் குனிந்து, "யாரு வந்திருக்கா பாரு. அம்மா வந்திருக்கா பாரு" என்றார்.

பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் கை நீட்டினேன். அவள் அழவில்லை. முகத்தைத் திருப்பி அக்காவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்திலிருந்த வேப்பிலைக் கொத்தை எடுத்துத் தரையைத் துடைப்பதுபோல எதையோ செய்தேன். அக்காவின் கை பிள்ளையின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"காச்சல் பிள்ள. தெரியாமச் செய்யுது."

திருடி மாட்டிக்கொண்டவர் குரல் மாதிரி இருந்தது அது. தவறு செய்தவள் நான் என்று எனக்குத் தோன்றியது, அவருக்கோ தான் என்று தோன்றியிருக்கிறது. யாரும் ஒரு தவறும் செய்யவில்லை என்று சொல்ல அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

அடுத்த ஆடியில் பிள்ளையை என்னோடு மேலே கூட்டிக்கொண்டு போனேன். நாலு வயது ஆகியிருந்தது. சமாளிக்கலாம் என்றேன். அக்கா பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை, தலைக்குக் குல்லா, வறுத்த கடலை, எள்ளுருண்டை எல்லாம் கட்டிக் கொடுத்தார். ஜீப்பு நிற்கும் இடம் வரைக்கும் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று கொட்டத்துக்குள் போய்விட்டார்.

மேலே பிள்ளை அழுது அடம்பிடிப்பாள், ஆத்தாவிடம் போகணும் என்பாள் என்று நினைத்து அதற்குத் தயாராக இருந்தேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. சொன்னதைக் கேட்டாள். போட்டதைத் தின்றாள். கழற்றிய சட்டையைத் தானே மடித்து ஒரு மூலையில் வைத்தாள். நான் பறித்துக்கொண்டிருக்கும்போது ஒரு மரத்தடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். கூட வேலை செய்த மலையாளத்துப் பெண் ஒருத்தி, அவளைச் சேச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், பிள்ளையைப் பார்த்து, "எந்தொரு பாவம் குட்டி!" என்று, என்ன சாதுவான பிள்ளை என்ற அர்த்தத்தில், சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் குடிசையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பானைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கேட்டாள்:

"மலையம்மா, தண்ணி குடிச்சுக்கிறவா?"

சாய்த்துப் பிடித்திருந்த பானையிலிருந்து கஞ்சி என் காலில் கொட்டியது. விருந்தாளி வீட்டில் இருக்கும் பிள்ளை அப்படித்தான் கேட்கும். வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளிய போகவா, படுத்துக்கிறவா, இதத் தொடவா. சமத்து என்று நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் யாரோ ஒருவர் வீட்டில் வந்து தங்கியிருந்தாள்.

புரட்டாசியில் அவளுக்குச் சளி பிடித்தது. அட்டை கடித்த இடம் புண்ணாகிக் கால் வீங்கியது. இருமி இருமி இளைத்துப்போனாள். என் கணவர் ஒரு நாள் காலையில் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"கெளம்பு. கீழ கொண்டுபோய் விட்டுருவோம். நம்ம ரோசத்துக்குப் பிள்ளயப் பறி குடுத்துரக் கூடாது."

சிலமலையில் பஸ்சை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனால் பூட்டியிருந்தது. காட்டுக்குப் போனோம். கடலை பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்களோடு ஆளாக அக்காவும் செடியைப் பிடுங்கி மண்ணை உதறிக் குவித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். பிடுங்கின கடலைச்செடி கையிலேயே இருந்தது. ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். வரவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"மெலிஞ்சுட்டாளே" என்றார். பிறகு, மெதுவாக, "தூக்கட்டுமா தாயி?" என்றார்.

பிள்ளை அப்பாவின் தோளிலிருந்து சறுக்கி இறங்கி, வீங்கின காலோடு, கடலைச் செடிக் குவியலுக்கு மேலேயே ஏறி ஓடினாள். அப்போதுதான் அவள் அழுத சத்தத்தை நான் கேட்டேன். இரண்டு மாதத்துக்கும் சேர்த்து அழுதாள். வேலை செய்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் அந்த வரப்பில் உட்கார்ந்து என்னை மீறி அழுதேன். பிள்ளைக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று கேட்டால் எனக்காகத்தான்.

அன்று சாயங்காலம் அக்கா அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தார். பிள்ளை சாப்பிட்டுத் தூங்கியிருந்தாள். அண்ணன் தம்பி இருவரும் மாட்டுக்கொட்டத்துப் பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு நான் மேல போறேன்" என்றார் அக்கா.

எனக்குப் புரியவில்லை. "எங்க?"

"மலைக்குத்தான். நானும் அவுகளும் போறோம். நீயும் கொழுந்தனாரும் இங்க இருந்து கிணத்தடியப் பாத்துக்கங்க. அவுககிட்டச் சொல்லிட்டேன்."

"ஒங்களுக்கு இளைப்பு வருமே அக்கா. டாக்டரு..."

"மாத்திர இருக்கு. வந்தா முழுங்கிக்கிறேன்." அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார். "நான் கண்ணுக்கு முன்னால இருந்தா அவ ஒங்கிட்ட வரமாட்டா. நான் வெரட்டிவிட்டாலும் வரமாட்டா. இன்னைக்குப் பாத்தேல்ல?"

அந்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அவருக்கு மலை என்ன செய்யும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு நன்றாகத் தெரியும், அதற்காகவே என்னைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆனால் அவர் சொன்ன நொடியில் என் மனசுக்குள் முதலில் எழுந்தது சந்தோஷம். அதை அவர் பார்த்திருப்பார். நான் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு அரிசியைக் களைந்தேன்.

பிள்ளை எழுந்திருப்பதற்கு முன்பே அவர்கள் இருவரும் முதல் பஸ்சுக்குப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வது கஷ்டம். பிள்ளை பல நாள் மாட்டுக்கொட்டத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆத்தா எங்கே என்று ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை, மாட்டிடம் கேட்டாள். நான் ஒளிந்து நின்று கேட்டேன். தலை பின்ன வரமாட்டாள். சோறு ஊட்டினால் வாயை மூடிக்கொள்வாள். ஆனால் பிள்ளை பிள்ளைதானே. கார்த்திகையில் ஒரு நாள் இடி இடித்தபோது ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். தை மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தவள் அம்மா என்று கத்தினாள். விழுந்த பிள்ளையை ஓடிப்போய்த் தூக்காமல், அந்தச் சொல்லைக் கேட்ட இடத்திலேயே நான் ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன்.

அந்த மாசியில் அக்காவும் மூத்தவரும் உலர்ந்த காயைக் கொண்டுவந்து போடியில் விற்றுவிட்டு, பஸ் நிலையத்தில் எங்களைச் சந்தித்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பாவாடை சட்டை எடுக்கலாம் என்று நாங்களும் வந்திருந்தோம். அக்கா பாதியாக இருந்தார். கன்னத்து எலும்பு தெரிந்தது. நாலு வார்த்தை பேசுவதற்குள் ஒரு தடவை நிறுத்தி மூச்சு விட்டார். பிள்ளையைப் பார்த்துக் குனிந்து, "யாருடி நானு?" என்று கேட்டார்.

பிள்ளை என் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

வேப்பிலைக்குப் பக்கத்தில் நான் கை நீட்டிக்கொண்டு நின்ற அதே நிலையில் இப்போது அவர் குனிந்து நின்றார். ஆனால் அவர் தடுமாறவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்ட சிரிப்பு.

"நல்லது, நல்லது. ஒன்னச் சேந்துட்டா" என்றார். பிறகு இருமல் வந்து தூணைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கோடையில் இறங்கி வந்தவர்கள் வீட்டில் பத்து நாள்கூடத் தங்கவில்லை. மேலே செடிக்குச் சருகு ஒதுக்கணும், நிழல் மரத்தில் கிளை கழிக்கணும் என்று சொல்லிப் போய்விட்டார்கள். மறு வருடமும் அப்படித்தான். கீழே எனக்கு ஒரு பையனும் பிறந்தான். அவனைப் பார்க்க வந்த அக்கா தொட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்று பார்த்துவிட்டுப் போனார். என் நெஞ்சில் அது இன்னும் இருக்கிறது. அவர் எட்டி நிற்க நிற்க, இந்த வீடும் கிணறும் இரண்டு பிள்ளைகளும் நான் பறித்துக்கொண்டவை மாதிரி எனக்கு ஆகிக்கொண்டே வந்தன.

எண்பதுகளில் ஒரு வருடம் மழை ஏமாற்றியது. கீழே எங்கள் கிணற்றில் மோட்டாரின் குழாய் காற்றை உறிஞ்சியது. மேலே ஏலச்செடி தூரோடு காய்ந்தது. ஓடையில் குடிக்கத் தண்ணீர் எடுப்பதே பெரிய பாடாக இருந்த சமயத்தில் அக்கா இடுப்பில் குடம் வைத்துச் சரிவில் ஏறி, நாற்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாராம். என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நான் அவரையே திரும்ப அனுப்பி, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கீழே வந்துவிடச் சொன்னேன். இந்தமுறை நிஜமாகவே சொன்னேன். அவர்கள் வரவில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது மூத்தவர் மலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்களுக்குக் கீழ்நிலம் வந்தது. அப்படிப் பிரிப்பதுதான் வசதி என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள்.

என் மகளுக்கு அந்த நாலு வருடத்தில் எதுவும் ஞாபகம் இல்லை. பள்ளிக்கூட லீவுக்கு மலைக்குப் போவாள். வந்து, "பெரியம்மா எனக்கு மொச்ச அவிச்சுக் குடுத்தாங்க, பெரியம்மா வீட்டுல பூன இருக்கு" என்று கதை சொல்வாள். ஒரு தடவை கேட்டாள்: "ஏம்மா, பெரியம்மா நம்ம வீட்டுக்கு வந்தா ஏன் ராத்தங்கவே மாட்டேங்கிறாங்க?" நான், மேல சோலி கெடக்கும்ல, என்றேன்.

அவளுக்குக் கல்யாணமாகித் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நல்ல காய் எடுப்புக் காலம் அது. மேலே ஒரு ஆள் நகர முடியாத மாதம். யாரும் சொல்லி அனுப்பாமலே அக்கா ஜீப்பில் இறங்கி வந்தார். கையில் ஒரு தூக்குச் சட்டியில் தேன், ஒரு பையில் சுக்கு, திப்பிலி. வாசலில் நின்று, "தங்கலாமா தாயி?" என்று கேட்டார். நான் பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

பெண் குழந்தை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். ஒரு நாள் காலையில் அவர் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டுக்கொள்ள, நான் வெந்நீர் ஊற்றினேன். மகள் உள்ளே படுத்திருந்தாள். நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னேன்:

"அக்கா, அன்னைக்கு நீங்க மலைக்குப் போறேன்னு சொன்னப்ப நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும்."

அவர் குழந்தையின் தலையை நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்னைக்கு?" என்று கேட்கவில்லை.

"நீ சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்" என்றார். "போகாம இருக்க நான் சாக்குத்தான் தேடிட்டு இருந்தேன்."

நான் சொம்பைப் பிடித்தபடி நின்றேன்.

"நீ மலையில இருக்கையில நானா அவளுக்கு ஒங்கம்மா மலையில இருக்கான்னு சொல்லிக் குடுக்கல தாயி. நீ வர்றன்னு சேதி வந்தாத்தான் ரெண்டு நாளைக்கு முன்னாடி சொல்லிக் குடுப்பேன். மத்த நாளு வாயத் தொறக்க மாட்டேன். ஆத்தான்னு கூப்பிடுறத நிப்பாட்டிருமோன்னு." குழந்தையைத் திருப்பிப் போட்டார். முதுகில் கை வைத்துப் பிடித்துக்கொண்டார். "அதுக்குத்தான் போனேன். ஒனக்காக இல்ல. ஊத்து, தண்ணி ஆறுது."

ஊற்றினேன். அவர் எனக்கு ஆறுதல் சொன்னாரா, என் தப்பை எனக்கு உறுதி செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீ சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன் என்ற சொல் மட்டும் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவருடைய தப்பு அவரை மலைக்கு அனுப்பியது. என்னுடைய மௌனம் அவரைத் திரும்பி வரவிடாமல் செய்தது. இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கும் வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. ஆனாலும் சில நாள் காலையில் மலைமேல் மேகத்தைப் பார்த்தால் போடத்தான் செய்கிறேன்.

ஒரு மாதம் போலத் தங்கினார். அதற்குள் மேலிருந்து இரண்டு தடவை ஆள் வந்துவிட்டது, காய் பழுத்து உதிர்கிறது என்று. புறப்படும் நாளில் என் மகள், "இன்னும் நாலு நாள் இருங்க பெரியம்மா" என்று கையைப் பிடித்தாள். அவர் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, "செடி என்னையக் கேட்டா காய்க்குது?" என்றார்.

நான் புதுக் கம்பளி ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். இருமலுக்கு மாத்திரை, ஒரு டப்பா நிறைய முறுக்கு, எல்லாவற்றையும் ஒரு சாக்குப்பையில் திணித்துத் தெரு முனை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். ஜீப்பு வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்தார்கள். பெண்கள் நெருக்கி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்கள். அவர் ஏறி, பையை மடியில் வாங்கிக்கொண்டு, மூச்சு சீராகும் வரைக்கும் கண்ணை மூடியிருந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

"இங்கயே இருந்துருங்கக்கா" என்றேன்.

எங்கள் வீட்டுப் பக்கமிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. அவருக்குத்தான் முதலில் கேட்டிருக்கவேண்டும். கண்ணைத் திறந்து, கம்பியிலிருந்து என் கையை எடுத்துவிட்டார்.

"பிள்ள அழுவுது பாரு. வெரசாப் போ" என்றார்.

நான் போனேன்.